லூட்டி: அரண்மனை நாய் ஒன்றின் ஓவியம், ஒரு நிகழ்வு ஆய்வு

சிவப்பு மெத்தையின் மேல் கைக்கடக்கமான ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையும் வெளிர்பழுப்பும் கலந்த உரோமம், சப்பை மூக்கு, அந்தச் சின்ன முகத்துக்கு அடங்காத பெரிய கண்கள். பக்கத்தில் கிழக்காசிய வேலைப்பாடு கொண்ட பூச்சாடி. மணி கோத்த கழுத்துப்பட்டையும் படத்தில் உண்டு. வரைந்தவர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் கைல். வரையச் சொன்னவர் விக்டோரியா மகாராணி. ஆண்டு 1861. படம் இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில்தான் இருக்கிறது.

பார்த்தவுடன் ‘பாவம், எவ்வளவு சின்னது’ என்று சொல்லத் தோன்றுகிற படம். நாயின் பெயரைக் கேட்கும்வரைதான் அது. பெயர் லூட்டி.

தமிழ்க் காதுக்கு அதில் தப்பாக ஒன்றும் படாது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கினால் ‘லூட்டி அடிக்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்கிறோம். குறும்பு செய்கிற நாய்க்குப் பொருத்தமான பெயர்தானே என்று நகர்ந்துவிடலாம். ஆனால் இங்கே நடந்தது வேறு. ஆங்கிலத்தில் ‘லூட்’ என்றால் கொள்ளையடித்த பொருள். அதன் வாலில் ‘ஈ’ ஓசையைச் சேர்த்துச் செல்லமாக்கினால் ‘லூட்டி’. நம் வழக்கில் சொல்வதானால் ‘சூறைக்குட்டி’. மகாராணியின் அரண்மனையில் ஒரு நாயை ஆண்டுக்கணக்காக இப்படித்தான் கூப்பிட்டார்கள். யாரும் கூசவில்லை.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி அந்தக் கூசாமையைப் பற்றியது. படத்தில் குற்றத்தின் சாயல்கூட இல்லை. பெயரிலோ அது அப்பட்டமாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், ஒரே நாய்க்குச் செய்யப்பட்டவை.

அரண்மனையில் நடந்தது

நாய் வந்த இடம் பெய்ஜிங்குக்கு வடமேற்கே இருந்த யுவான்மிங்யுவான். கோடைக்கால அரண்மனை என்று அழைக்கப்பட்டாலும் அது ஒற்றைக் கட்டடமல்ல. 1707இல் காங்ஷி பேரரசர் காலத்தில் தொடங்கி, பேரன் சியான்லாங் காலத்தில் விரிந்து, ஏறத்தாழ 350 ஹெக்டேரில் குளங்களும் தீவுகளும் மண்டபங்களும் நூலகமுமாகப் பரந்துகிடந்த தோட்ட நகரம்.

இரண்டாம் அபினிப் போரின் கடைசிக் கட்டத்தில், 1860இல், பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கூட்டுப்படை வடசீனாவில் இறங்கியது. ஆகஸ்டில் தாக்கூ கோட்டைகள் விழுந்தன. செப்டம்பர் 18ஆம் தேதி, பேச்சுவார்த்தைக்குச் சென்ற பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி பார்க்ஸ் உள்ளிட்ட குழுவைச் சீனத் தரப்பு சிறைபிடித்தது. பிடிபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சித்திரவதையில் இறந்தார்கள். ‘டைம்ஸ்’ நாளிதழின் செய்தியாளர் தாமஸ் பௌல்பியும் இந்தியக் குதிரைப்படை வீரர்கள் சிலரும் அவர்களில் அடக்கம். ஷியான்ஃபெங் பேரரசர் தலைநகரை விட்டு வடக்கே ஜெஹோல் என்ற ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவருடன் போனவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பேரரசித் தாய் சிஷி என்று உலகறிந்த பெண். அரண்மனையில் எஞ்சியவர்கள் சில காவலர்கள், விதையடிக்கப்பட்ட ஆண் பணியாளர்கள், எடுத்துச் செல்ல முடியாத செல்வம், சில நாய்கள்.

அக்டோபர் 6ஆம் தேதி மாலை பிரெஞ்சுப் படை அரண்மனை வாசலை அடைந்தது. அடுத்த நாளிலிருந்து யார் எதை எடுத்தார்கள் என்று கணக்குச் சொல்ல ஆளில்லை. பட்டுச் சுருள்கள், மாணிக்கக் கற்கள், இசைபாடும் கடிகாரங்கள் எல்லாம் கைமாறின. பிரிட்டிஷ் தளபதி ஹோப் கிராண்ட், தன் அதிகாரிகள் எடுத்ததை ஒப்படைக்கச் சொல்லி ஏலம் விட்டுப் பணத்தைப் பங்கு பிரித்தார். சாதாரணச் சிப்பாய் ஒருவனுக்கு ஏறத்தாழ 4 பவுண்டு கிடைத்தது. இதற்குப் படைவழக்கில் ‘பரிசுப் பணம்’ என்று பெயர். ஏலச் சுத்தியல் மேசையில் விழுந்த பிறகு அது கொள்ளை இல்லை.

அக்டோபர் 18ஆம் தேதி பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் கட்டளைப்படி அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். கைதிகளைக் கொன்றதற்குத் தண்டனை பேரரசரை நோகடிக்க வேண்டும், மக்களை அல்ல என்பது அவர் சொன்ன நியாயம். இந்த எல்ஜினின் தந்தைதான் ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலின் பளிங்குச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு லண்டன் போனவர். மகன் பிற்பாடு இந்தியாவின் வைஸ்ராயாக வந்து 1863இல் தரம்சாலாவில் இறந்தார். தீ வைத்த பொறியாளர்களில் ஒருவரான சார்ல்ஸ் கார்டன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு அழகை எரிப்பது நெஞ்சை வருத்தியது என்கிறார். அதே மூச்சில், அரண்மனை பெரிது, நேரம் குறைவு, ஆகவே ஆற அமரக் கொள்ளையடிக்க முடியவில்லை என்றும் எழுதுகிறார். எனக்கு இந்த நிகழ்வின் குரல் முழுக்க அந்த இரண்டு வரிகளில் கேட்கிறது. வருத்தம் பொய் இல்லை. குறையும் பொய் இல்லை.

சொல் வந்த வழி

‘லூட்’ ஆங்கிலேயன் வீட்டுச் சொல் அல்ல. ‘லூட்னா’ என்ற இந்தி வினையிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவன் மொழிக்குள் நுழைந்தது. இந்தியாவில் இருந்த படைகள் அதை நாக்கில் சுமந்து திரிந்தன. 1857 எழுச்சியை ஒடுக்கிய கையோடு, 1858இல் லக்னோ சூறையாடப்பட்டபோது அந்தச் சொல் லண்டன் வாசகர்களுக்கும் பழகிப்போனது.

சீனப் போருக்குப் போன படையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே கப்பலேறியது. சீக்கியப் படைப்பிரிவுகள் போயின. நம் பக்கத்து மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையும் போயிருந்தது. நாயை எடுத்த அதிகாரி கேப்டன் ஜான் ஹார்ட் டன், 99ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் புறப்பட்டதும் கல்கத்தாவிலிருந்துதான். திரும்பிய பிறகு 1861இல் வெளியிட்ட நாட்குறிப்பின் தலைப்பே ‘கல்கத்தாவிலிருந்து பீக்கிங் வரை’. ஆக, ஒரு சீன நாய்க்கு ஓர் ஆங்கில அரண்மனையில் வைத்த பெயர் கங்கைக்கரையிலிருந்து வந்தது. பேரரசின் வணிகப் பாதைகளைப் போலவே அதன் சொற்களும் இந்தியாவைத் தொட்டுத்தான் போயின.

டன் எழுதியது

நாட்குறிப்பில் டன் நாயைப் பற்றிப் பெருமையாகவே எழுதுகிறார். கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் நாய்களைவிடச் சிறியது, அசல் சீனச் சட்டைக்கை நாய், கழுத்தைச் சுற்றி வெள்ளி மணிகள், பார்த்தவர்கள் இத்தனை கச்சிதமான அழகைக் கண்டதில்லை என்கிறார்கள் என்பது அந்தப் பதிவின் சாரம். சட்டைக்கை நாய் என்பது உவமை இல்லை. சீன அரசவையின் அகன்ற பட்டுச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு நடமாடும் அளவுக்குச் சிறிதாக இனப்பெருக்கம் செய்யப்பட்டவை அவை. கப்பலில் அது டன்னின் ராணுவத் தொப்பிக்குள் படுத்துத் தூங்கியதாகச் சொல்கிறார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த நாயின் கதை இன்றுவரை குழந்தைத்தனமான இனிப்போடு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

1861 ஏப்ரலில் நாய் மகாராணிக்குக் கொடுக்கப்பட்டது. உடன் எழுதிய கடிதத்தில் டன் கையாளும் வினையைக் கவனிக்க வேண்டும். யுவான்மிங்யுவான் அரண்மனையில் 1860 அக்டோபர் 6ஆம் தேதி தான் இதைக் ‘கண்டெடுத்ததாக’ எழுதுகிறார். பேரரசிக்கோ அரச குடும்பப் பெண் ஒருத்திக்கோ சொந்தமாக இருந்திருக்கலாம் என்றும் சேர்க்கிறார். கண்டெடுப்பது தொலைந்த பொருளை. உரிமையாளர் இன்னார் என்று அடுத்த வரியிலேயே ஊகிக்கத் தெரிந்தவர், அதைத் தொலைந்த பொருளாக எழுதுகிறார். பிறகு, இது அன்பும் அறிவும் உள்ள பிராணி, எப்போதும் செல்லமாகவே வளர்ந்தது, மகாராணியும் அரச குடும்பமும் அவ்வாறே வைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் சீனாவிலிருந்து கொண்டுவந்தேன் என்கிறார். அதாவது ஓர் அரண்மனையிலிருந்து இன்னோர் அரண்மனைக்கு இடம் மாற்றிவிட்ட உபகாரி.

இந்த நாய்களைச் சுற்றி இன்னொரு கதையும் உண்டு. தற்கொலை செய்துகொண்ட பேரரசரின் அத்தை ஒருவரின் உடலருகே ஐந்து நாய்கள் காவல் நின்றன, அந்த ஐந்தும்தான் இங்கிலாந்து வந்தன என்பது. பெக்கிங்கீஸ் என்று இன்று அழைக்கப்படும் இந்த நாயினத்தை வளர்ப்போர் மிகவும் விரும்பிச் சொல்லும் கதை. நான் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. எஜமானி இறந்துவிட்டாள் என்றாகிவிட்டால் நாய் அநாதை. அநாதையை எடுத்துவந்தால் திருட்டு இல்லை, தத்து.

மகாராணி அப்போது இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். அவருடைய தாய் கென்ட் சீமாட்டி மார்ச் 16ஆம் தேதி இறந்திருந்தார். அரண்மனை கறுப்பு உடுத்தியிருந்த நாட்களில் இந்தச் சின்னஞ்சிறு உயிர் வந்து சேர்ந்தது. ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 14ஆம் தேதி, ஆல்பர்ட் இளவரசரும் இறந்தார். மெத்தைமேல் நாய் உட்கார்ந்திருக்கும் படம் இந்த இரண்டு சாவுகளின் ஆண்டைச் சேர்ந்தது.

அளவு தெரிய ஏதாவது வை

விக்டோரியாவின் நாய்களை வழக்கமாக வரைந்தவர் எட்வின் லேண்ட்சியர். கைல் அவருடைய மாணவர். 1823இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்து, லேண்ட்சியரிடம் கற்க லண்டனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஆசிரியரின் மேடைத்தனம் இவரிடம் கிடையாது. உரோமத்தின் மென்மையையும் மூக்கின் ஈரத்தையும் பொறுமையாக வரைகிற கை.

வேலையை ஒப்படைத்தபோது மகாராணியின் உடை அலங்காரப் பொறுப்பாளர் மேரியான் ஸ்கெரெட் மூலம் ஓவியருக்கு ஒரு குறிப்புப் போனது. கலைஞர்களோடும் கடைக்காரர்களோடும் அரண்மனை சார்பாக எழுத்துப் போக்குவரத்து நடத்தியவர் அவர். குறிப்பின் பொருள் இதுதான்: நாயின் அளவு தெரியும்படி பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும், அது அவ்வளவு சிறியது.

நான் இந்த ஆய்வை எழுதக் காரணமே இந்தக் குறிப்புதான். பக்கத்தில் எதை வைப்பது என்பது ஓவியர் முன் இருந்த திறந்த கேள்வி. ஒரு கையுறை வைக்கலாம். மகாராணியின் நூற்கண்டு வைக்கலாம். புத்தகம், தேநீர்க் கோப்பை, எதுவும் அளவு காட்டும். படத்தில் வந்திருப்பது கிழக்கத்திய பூச்சாடி. அளவு கேட்டால் ஊரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் கைல்.

இதை லேண்ட்சியரின் 1841ஆம் ஆண்டு ‘ஈயோஸ்’ படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈயோஸ் ஆல்பர்ட்டின் பெண் கிரேஹவுண்ட். விக்டோரியா கணவருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வரையச் சொன்னது. கறுத்து மின்னும் உடலோடு நாய் நின்று மேலே பார்க்கிறது. அருகே ஆல்பர்ட்டின் உயரத் தொப்பி, கையுறை, கைத்தடி. ஆள் படத்தில் இல்லை. ஆனால் கதவைத் திறந்துகொண்டு அவர் வரப்போகிறார் என்று நாயின் கண் சொல்கிறது. பொருட்கள் உரிமையாளரைக் காட்டுகின்றன. 1836இல் லேண்ட்சியர் வரைந்த ‘டாஷ்’ அதற்கும் முந்தியது. அப்போது விக்டோரியா இளவரசி. டாஷ் அவர் தோழன். 1840இல் அது இறந்தபோது, அதன் பாசத்தில் சுயநலமில்லை, விளையாட்டில் வன்மமில்லை, விசுவாசத்தில் வஞ்சமில்லை என்று கல்லில் பொறித்துப் புதைத்தார்கள்.

டாஷ் படமும் ஈயோஸ் படமும் உறவின் படங்கள். லூட்டியின் படத்தில் அப்படி எவரும் வரப்போவதில்லை. தொப்பி இல்லை, கையுறை இல்லை. மெத்தை, சாடி, மணி. மூன்றும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கத் தக்கவை. நாயும் அவற்றோடு நான்காவது பொருளாக அமர்ந்திருக்கிறது. கைல் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பொருளுக்கும் பிராணிக்கும் நடுவில் அந்த நாயை அவர் கையில் கொடுத்திருந்தார்கள், அவரும் அப்படியே வரைந்தார். கண்ணை மட்டும் விட்டுவிடுகிறேன். கண்களில் கைல் ஏமாற்றவில்லை. அவை மெத்தைக்கு உரியவை அல்ல.

அதே அரண்மனையின் நாய்ப்படங்கள்

யுவான்மிங்யுவானுக்கு நாய் ஓவியம் புதிதில்லை. அங்கேயே ஓர் ஐரோப்பியர் பேரரசரின் நாய்களை வரைந்திருக்கிறார், கைலுக்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்பு. மிலானில் பிறந்த ஜெசூயிட் சபைத் துறவி ஜியுசெப்பே காஸ்டிக்லியோனே, சீனாவில் லாங் ஷினிங். அரண்மனைத் தோட்டத்தின் ஐரோப்பிய பாணி மாளிகைகளை வடிவமைத்ததிலும் அவருக்குப் பங்குண்டு. சியான்லாங் பேரரசருக்காக அவர் வரைந்த ‘பத்து உயர்குல நாய்கள்’ தொகுதி இப்போது தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 அடி உயரத் தொங்குசுருள். ஒன்பது ஒல்லியான வேட்டை நாய்கள், ஒரு திபெத்திய மாஸ்டிஃப். மடி நாய் ஒன்றுகூட இல்லை. அந்தப்புரத்தின் சட்டைக்கை நாய்க்கு இந்த வரிசையில் இடமில்லை.

எனக்கு இங்கே முக்கியம் உருவத்தைவிட எழுத்துதான். ஒவ்வொரு சுருளிலும் நாயின் பெயர் சீனம், மஞ்சு, மங்கோலியம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. பெயரோடு, அதை அளித்தவர் யார் என்பதும். மாஸ்டிஃபைத் திபெத்தில் இருந்த பேரரசின் பிரதிநிதி அனுப்பினார் என்று படமே சொல்லிவிடுகிறது. இதுவும் பேரரசுதான், காணிக்கை என்ற சொல்லுக்குள் எவ்வளவு விருப்பம், எவ்வளவு கட்டாயம் என்று கேட்க இடமுண்டு. ஆனால் நாய் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை அந்த அரசவை மறைக்கவில்லை. அதுதான் படத்தின் பெருமையே.

கைலின் படத்தில் அந்த எழுத்து இல்லை. விக்டோரியாவின் அரசவை அதைப் பெயருக்குள் ஒளித்து, ஒளித்ததாக நினைக்காமல், சிரித்துக்கொண்டே கூப்பிட்டது. கூசாததற்கு என் விளக்கம் இதுதான்: அவர்களுக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்கவில்லை, காணிக்கைப் பதிவாகக் கேட்டது. ‘இன்னார் அளித்தது’ என்று சுருளில் எழுதுவதன் இடத்தில் ‘வென்றெடுத்தது’ என்று பெயர் நின்றது. வென்றவன் வீட்டில் அது நகைச்சுவைகூட. எல்லாருக்கும் அது நகைச்சுவையாக இருக்கவில்லை என்பதற்கு அதே ஆண்டின் சாட்சி இருக்கிறது. 1861 நவம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ எழுதிய கடிதத்தில், இரண்டு கொள்ளையர்கள் கோடைக்கால அரண்மனைக்குள் புகுந்தார்கள், வரலாற்றின் முன் ஒருவன் பெயர் பிரான்ஸ், மற்றவன் பெயர் இங்கிலாந்து என்றார். அவர் சொன்னதற்காக ஃபோந்தேன்புளோ அரண்மனையில் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியின் சீன அருங்காட்சியகம் தடைபடவில்லை. 1863இல் அதே கொள்ளைப் பொருட்களோடு அது திறந்தது.

பிற்பாடு

1865இல் வில்லியம் பாம்பிரிட்ஜ் அரண்மனை நாய்களைப் புகைப்படம் எடுத்தபோது லூட்டியும் எடுக்கப்பட்டது. கைல் 1871இல் இறந்தார். லூட்டி 1872இல் வின்ட்சரில் இறந்தது. டன் ஜெனரல் பதவிவரை உயர்ந்தார். இங்கிலாந்தில் பெக்கிங்கீஸ் தனி இனமாகி, பெருமைக்குரிய வளர்ப்பு நாயானது. 1905இல் சிஷி பேரரசி, தன்னைப் பார்க்க வந்த அமெரிக்க அதிபரின் மகள் ஆலிஸ் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு பெக்கிங்கீஸைக் கொடுத்தார். கேட்டு வாங்கியதோ எடுத்து வந்ததோ அல்ல, கொடுத்தது. அதற்கு மஞ்சு என்று பெயர்.

யுவான்மிங்யுவானின் நீரூற்றுச் சிலைகளிலிருந்து போன வெண்கல எலித்தலையும் முயல்தலையும் 2009இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்து, பெருஞ்சண்டையாகி, 2013இல் சீனாவுக்குத் திரும்பின. கைலின் படத்துக்கு அந்த வழக்கு பொருந்தாது. கித்தானும் வண்ணமும் இங்கிலாந்தில் வாங்கியவை, ஓவியருக்குக் கூலி கொடுத்தாயிற்று. கொள்ளைப்பொருள் படமல்ல, படத்துக்கு உட்கார்ந்தது. அது செத்து 150 ஆண்டு தாண்டிவிட்டது.

திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை என்றால் செய்யக்கூடியது எழுத்து மட்டும்தான். காஸ்டிக்லியோனேயின் சுருளில் இருப்பதுபோல, படத்தின் ஓரத்தில் மூன்று வரிகள். முதல் வரியில், லூட்டி. முந்தைய பெயரை எடுத்துவந்தவர் எழுதிவைக்கவில்லை. இரண்டாம் வரியில், யுவான்மிங்யுவானிலிருந்து, 1860 அக்டோபர், அரண்மனை எரிவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு. மூன்றாவது வரியில் அளித்தவர் பெயர் வர வேண்டும். டன் பெயரை அங்கே எழுதலாம்தான். ‘அளித்தவர்’ என்ற சொல்லை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.